கிளார்க் மாளிகை: நியூயார்க்ல 16 வருஷம் மட்டும் நின்ன வீடு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஊர்ல இருந்து சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் யார் வந்தாலும் மன்ஹாட்டன் சுத்திக் காட்டும்போது ஒரு தெருமுனைக்கு கட்டாயம் கூட்டிட்டுப் போயிடுவேன். சென்ட்ரல் பார்க்குக்கு எதிர்ல, ஃபிஃப்த் அவென்யூவும் கிழக்கு 77வது தெருவும் சேர்ற இடம். அங்க ஒரு பெரிய அபார்ட்மெண்ட் பில்டிங், வாசல்ல ஒரு டோர்மேன், அவ்வளவுதான் இருக்கு. ஆனா இதே இடத்துல 121 ரூம் வச்ச ஒரு வீடு இருந்துச்சுன்னு சொன்னா போதும், கேள்வி மேல கேள்வி வரும், வருஷக்கணக்கா கிட்டத்தட்ட அதே கேள்விங்கதான். அதனால எல்லாத்தையும் இங்க எழுதி வச்சிடறேன்.

எந்த வீடு இது, எப்போ இருந்துச்சு?

வில்லியம் ஆண்ட்ரூஸ் கிளார்க்னு ஒரு தாமிரச் சுரங்க முதலாளி கட்டின வீடு. விலாசம் 962, ஃபிஃப்த் அவென்யூ. 1897ல ஆரம்பிச்ச வேலை 1911லதான் முடிஞ்சுது, 1927ல இடிச்சுட்டாங்க. கட்ட 14 வருஷம், கட்டி முடிச்சு நின்னது 16 வருஷம். இந்தக் கணக்கைத்தான் என்னால இன்னைக்கும் ஜீரணிக்க முடியல. (மேன்ஷன்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு திருவல்லிக்கேணி பேச்சிலர் ரூம்தான் ஞாபகம் வருது, அதனால மாளிகைன்னே சொல்றேன்.)

ராக்ஃபெல்லர், கார்னெகி எல்லாம் தெரியும். கிளார்க் பேரைக் கேள்விப்பட்டதே இல்லையே?

அவர் காலத்துல அவங்களோட சேத்துப் பேசின பேருதான் அது. 1839ல பென்சில்வேனியால கானல்ஸ்வில்ங்கற ஊர் பக்கம் விவசாயக் குடும்பத்துல பொறந்தவர். அப்புறம் குடும்பம் அயோவாவுக்குப் போச்சு, கொஞ்ச நாள் மிசூரில பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தாரு, அதை விட்டுட்டு தங்கம் தேடி கொலராடோ போனாரு, 1863ல மொன்டானா வந்து சேந்தாரு. அங்கதான் அவருக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது, தங்கம் தோண்டறதை விட தோண்டறவனுக்கு சாமான் விக்கறதுல காசு ஜாஸ்தி. முட்டை, புகையிலைன்னு வாங்கிட்டு வந்து சுரங்கத்து ஆளுங்ககிட்ட வித்தாரு, தபால் கொண்டு போற கான்ட்ராக்ட் எடுத்தாரு, அப்புறம் பேங்க் வச்சாரு. கடன் வாங்கினவங்க கட்ட முடியாம போகும்போது அவங்க சுரங்கம் இவர் கைக்கு வந்துச்சு. மொன்டானால பியூட்ங்கற சுரங்க ஊர்ல இவர் சொத்து ஆரம்பிச்சது இப்படித்தான்.

எனக்கு இவர்கிட்ட ரொம்பப் பிடிச்ச ஒரே விஷயம், 1872ல, 33 வயசுல, கையில காசு இருந்தும் நியூயார்க் வந்து கொலம்பியா சுரங்கக் கல்லூரில ஒரு வருஷம் உக்காந்து தாதுவைப் பத்திப் படிச்சதுதான். தன் நிலத்துக்கு அடியில என்ன இருக்குன்னு அடுத்தவன் சொல்லிக் கேக்காம தானே தெரிஞ்சுக்கணும்னு நினைச்சிருக்காரு.

பேரு ஏன் நிக்கலன்னா, கார்னெகி பேர்ல ஊர் ஊரா லைப்ரரி இருக்கு, ராக்ஃபெல்லர் பேர்ல பல்கலைக்கழகம் இருக்கு. கிளார்க் பேர்ல பெருசா இருந்தது இந்த வீடும் அவர் சேத்த ஓவியங்களும்தான். வீட்டை இடிச்சாச்சு, ஓவியங்களை வச்சிருந்த மியூசியமும் மூடியாச்சு.

தாமிரத்துல அவ்வளவு பணமா?

காலம் அப்படி. 1882ல எடிசன் மன்ஹாட்டன்ல பேர்ல் தெரு மின் நிலையத்தை ஓட விட்டாரு. அதுக்கப்புறம் எந்த ஊருக்கு கரண்ட் போனாலும், டெலிபோன் போனாலும் தாமிரக் கம்பி வேணும். பியூட் சுரங்கம் ஒரு பக்கம், 1888ல அரிசோனால ஜெரோம் ஊர்ல வாங்கின யுனைடெட் வெர்டே சுரங்கம் இன்னொரு பக்கம். இந்த ரெண்டாவது சுரங்கம் கிட்டத்தட்ட முழுசா இவர் ஒருத்தர் கையிலயே இருந்துச்சு, பங்குதாரர் கூட்டம் கிடையாது, வர்ற லாபம் நேரா இவர் பாக்கெட்டுக்கு. அந்தப் பணம்தான் ஃபிஃப்த் அவென்யூவுல கல்லா எழுந்து நின்னுச்சு.

லாஸ் வேகாஸுக்கும் இவருக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து சால்ட் லேக் சிட்டிக்கு இவர் போட்ட ரயில் பாதைக்கு நடுவுல தண்ணி கிடைச்ச இடம் அது, 1905 மே மாசம் மனை ஏலம் விட்டாங்க, ஊர் பொறந்துச்சு. இன்னைக்கும் லாஸ் வேகாஸ் இருக்கற மாவட்டத்துக்கு பேரு கிளார்க் கவுன்ட்டி.

செனட்டரா இருந்தாரு, ஆனா லஞ்சம் குடுத்து வந்தாருன்னு சொல்றாங்களே?

ஆமா, இதை மூடி மறைக்க ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்துல அமெரிக்க செனட்டரை மக்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்க மாட்டாங்க, மாநில சட்டசபை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுப்பாங்க. 1899ல மொன்டானா சட்டசபைல ஃப்ரெட் வைட்சைட்ங்கற உறுப்பினர் ஆயிரம் டாலர் நோட்டு முப்பது, மொத்தம் 30,000 டாலர், எடுத்துக் காட்டி இதெல்லாம் கிளார்க்குக்கு ஓட்டு போடறதுக்குக் குடுத்ததுன்னு சொன்னாரு. அதுக்கப்புறமும் கிளார்க் ஜெயிச்சாரு. வாஷிங்டன்ல செனட் கமிட்டி விசாரிச்சு இந்தத் தேர்வு செல்லாதுன்னு ஒருமனதா சொல்லுச்சு, வெளிய தள்றதுக்கு முன்னாடி 1900 மே மாசம் இவரே ராஜினாமா பண்ணிட்டாரு. அதோட விடல. மொன்டானா கவர்னர் வெளியூர் போயிருந்த நேரம் பாத்து துணை கவர்னரை வச்சு தன்னையே அந்தக் காலி இடத்துக்கு நியமிக்க வச்சாரு, அது எடுபடல. கடைசில 1901ல இருந்து 1907 வரைக்கும் முழு ஆறு வருஷம் செனட்டராவே இருந்துட்டாரு. 1913ல 17வது சட்டத் திருத்தம் வந்து மக்களே நேரா செனட்டரைத் தேர்ந்தெடுக்கற முறை வந்துச்சு இல்ல, அதுக்கு இந்த மாதிரி கேஸ்தான் காரணம்னு இவர் பேரையும் சேத்துத்தான் சொல்வாங்க.

இதை ஏன் வீட்டுக் கதைல சொல்றேன்னா, வீட்டு மேல அந்தக் காலத்துப் பத்திரிகைங்க காட்டின கோவத்துல பாதி இந்த ஆள் மேல இருந்த கோவம். அதைப் பிரிச்சுப் பாக்கணும்.

மொன்டானா ஆளு ஏன் நியூயார்க்ல வீடு கட்டினாரு?

பியூட்ல அவருக்கு ஏற்கெனவே ஒரு நல்ல வீடு இருந்துச்சு, 34 ரூம், 1888ல முடிஞ்சது. அது இன்னைக்கும் இருக்கு, உள்ள போய் பாக்கலாம். 1893ல முதல் மனைவி கேத்தரின் இறந்துட்டாங்க, புள்ளைங்க வளந்துட்டாங்க, பிஸினஸ் முழுக்க நியூயார்க் பக்கம் வந்தாச்சு. பணக்காரங்க எல்லாம் சென்ட்ரல் பார்க் ஓரமா வீடு கட்டிட்டு இருந்த நேரம், இவரும் 1895ல மனை வாங்கினாரு. வெளியூர்ல சம்பாதிச்சவன் பெரிய நகரத்துல வந்து ஒரு வீடு கட்டி நான் யாருன்னு காட்டணும்னு நினைக்கறது எந்த ஊர்லயும் நடக்கறதுதான்.

கட்டறதுக்கு ஏன் 14 வருஷம் ஆச்சு?

ஆர்க்கிடெக்ட் லார்ட், ஹியூலெட், ஹல்னு ஒரு கம்பெனி. அப்புறம் பாரிஸ்ல இருந்து ஆன்ரி டெக்லான், அதாவது பாரிஸ்ல கிராண்ட் பாலேங்கற பெரிய கண்காட்சி மாளிகையைக் கட்டினவங்கள்ல ஒருத்தர், அவரோட யோசனையும் சேந்துச்சு. பிளான் மாறிட்டே இருந்துச்சு, ஓவியம் வாங்க வாங்க அதுக்கு இடம் வேணும், கேலரி பெருசாகும், கேலரி பெருசானா கூரை மாறும். கிரானைட் வாங்கறதுக்குப் பதிலா ஒரு குவாரியையே வாங்கிட்டாரு. வெண்கல வேலைக்கு ஒரு வார்ப்புப் பட்டறையையே வாங்கிட்டாரு. மார்பிள் இத்தாலில இருந்து, ஓக் மரம் இங்கிலாந்து ஷெர்வுட் காட்டுல இருந்து, பழைய பிரெஞ்சு மாளிகைங்கள்ல இருந்து சுவர்ப் பலகை, நெருப்பிடம்னு கப்பல் கப்பலா வந்திருக்கு. மொத்தச் செலவு சுமார் 70 லட்சம் டாலர்னு பொதுவா சொல்றாங்க, அந்தக் காலத்து டாலர்ல.

இந்த 14 வருஷத்துல அங்க வேலை பாத்த கல் தச்சன், மரத்தச்சன், வார்ப்பு வேலைக்காரன் எத்தனை பேர் இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. இளைஞனா வேலைக்குச் சேந்தவன் நடு வயசுக்காரனா ஆகிற அளவுக்கு ஒரே வீட்டுல உளி புடிச்சிருப்பான். அவன் உயிரோட இருக்கும்போதே அதை உடைச்சுட்டாங்க. மத்தவங்க முதலாளியோட நஷ்டத்தைப் பத்திப் பேசுவாங்க, எனக்கு இந்த ஆளுங்கதான் மனசுல வருவாங்க.

உள்ள என்னெல்லாம் இருந்துச்சு?

121 ரூம், 31 பாத்ரூம், ஓவியத்துக்குன்னே நாலு கேலரி. சிலைகளை வைக்க வட்டமான ஒரு பெரிய ஹால். கீழ நீச்சல் குளம், துருக்கிக் குளியல் அறை. கரி கொண்டு வர்றதுக்குன்னே நிலத்துக்கடியில தனித் தண்டவாளம். மெயின் கேலரில ஒரு பெரிய பைப் ஆர்கன், சர்ச்சுல வைக்கற மாதிரி, லாஸ் ஏஞ்சலஸ்ல செஞ்சு கொண்டு வந்தது, அதை வாசிக்க சம்பளத்துக்கு ஒரு ஆளையே வச்சிருந்தாரு. ஜன்னல்ல பிரான்ஸ் ஸ்வாசான் கதீட்ரலோட 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி ஓவியம். தரைல பாரசீகக் கம்பளங்க.

அதுல ஒரு அறையப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும், சலோன் டோரே, தங்க அறைன்னு அர்த்தம். அதை கிளார்க் செய்யச் சொல்லல, வாங்கினாரு. பாரிஸ்ல ஓட்டல் த கிளெர்மோன்னு ஒரு பெரிய வீடு (ஓட்டல்னா இங்க தங்கற ஹோட்டல் இல்ல, பிரபுக்களோட டவுன் வீட்டுக்கு பிரெஞ்சுல அப்படித்தான் பேரு), அங்க கோம்த் தோர்சேங்கற பிரபுவுக்காக சுமார் 1770ல செஞ்ச வரவேற்பறை. சுவர் முழுக்க மரப் பலகை, கையால செதுக்கி தங்க இலை ஒட்டினது, நடு நடுவுல ஆளுயரத்துக்கும் மேல கண்ணாடிங்க, ரெண்டு பக்கமும் கொரிந்தியன் பாணி அரைத்தூண், மேல ஊக் தாராவல்ங்கற ஓவியர் வரைஞ்ச சீலிங். மெழுகுவர்த்தி காலத்து அறை, வெளிச்சம் குறைவு, அதனால தங்கமும் கண்ணாடியும் எதிரெதிரா வச்சு இருக்கற வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டற உத்தி அது. கிளார்க் வீட்டு அறையோட அளவு வேற, அதனால பழைய பலகைங்களோட ஒத்துப் போற மாதிரி புதுசா சில பலகை செஞ்சு சேத்தாங்க. (சான் பிரான்சிஸ்கோ மியூசியத்துல சலோன் டோரேன்னு ஒண்ணு இருக்கு, அது வேற வீட்டோடது, குழப்பிக்காதீங்க.)

அசிங்கமான வீடுன்னு எல்லாரும் திட்டினாங்களாமே, உண்மையா?

உண்மைதான். கட்டிட்டு இருக்கும்போதே கிளார்க்கோட முட்டாள்தனம்னு பட்டப்பேரு வச்சுட்டாங்க. முக்கியமா அந்தக் கோபுரம், தெருமுனைல வீட்டுக்கு மேல எழுந்து நிக்கும், உச்சில திறந்த மண்டபம் மாதிரி ஒண்ணு. போட்டோல பாத்தா எனக்கும் அந்தக் கோபுரம் பிடிக்கல, கீழ இருக்கற வீட்டோட ஒட்டவே இல்ல. ஆனா கல் வேலையை உத்துப் பாருங்க, கீழ் மாடில கல்லுக்குக் கல் ஆழமா வெட்டின கோடு, ஜன்னல் தலைப்புல செதுக்கின மாலை, பால்கனியத் தாங்கற கொடுங்கை, எல்லாம் முதல் தரம். ஒரு கட்டடம் அழகா இல்லையாங்கறது ஒரு தலைமுறைல முடிவாகற விஷயமே இல்ல. நூறு வருஷம் விட்டிருந்தா இன்னைக்கு அந்தக் கோபுரத்துக்கு முன்னாடி நின்னு எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டு இருப்பாங்க.

அதுல யார் யார் குடியிருந்தாங்க?

கிளார்க், ரெண்டாவது மனைவி அன்னா, அவங்களோட ரெண்டு பொண்ணுங்க ஆன்ட்ரே, ஹியூகெட். மொத்தம் நாலு பேர், அப்புறம் வேலைக்காரங்க. அன்னா கிளார்க்கை விட 39 வயசு சின்னவங்க. 1904ல அவர் திடீர்னு எங்களுக்குக் கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு, ஒரு கொழந்தையும் இருக்குன்னு அறிவிச்சப்போ பெரிய பரபரப்பு. பொண்ணுங்க பாரிஸ்ல வளந்தவங்க, வீடு முடிஞ்சதும்தான் இங்க வந்தாங்க. மூத்தவ ஆன்ட்ரே 1919ல மூளைக்காய்ச்சல்ல இறந்துட்டா, 17 வயசு முடிய இன்னும் சில நாள்தான் இருந்துச்சு. அவ சாரணர் இயக்கத்துல ஆர்வமா இருந்தவ, அதனால அவ நினைவா பிரையர்கிளிஃப்ல 135 ஏக்கர் நிலத்தை கேர்ள் ஸ்கவுட்ஸுக்கு குடுத்தாங்க. அதுக்கப்புறம் அந்த 121 ரூம்ல மூணே பேரு.

1925 மார்ச் 2ஆம் தேதி, 86 வயசுல, கிளார்க் அந்த வீட்டுலயே இறந்தாரு.

சரி, ஏன் இடிச்சாங்க? வித்திருக்கலாமே?

வித்தாங்க, வாங்கினவருக்கு வேண்டியிருந்தது மனைதான். சொத்து முதல் மனைவியோட நாலு பிள்ளைங்களுக்கும் ஹியூகெட்டுக்கும் அஞ்சு பங்கா பிரிஞ்சுது. அஞ்சு பேர்ல யாருக்கும் அந்த வீட்டுல குடியிருக்கற ஐடியா இல்ல. 1913ல வருமான வரி வந்தாச்சு, முதல் உலகப் போர்ல அது ஏறிடுச்சு, வேலையாள் சம்பளம் ஏறிடுச்சு, கரி செலவு, சொத்து வரி வேற. அதே சமயம் ஃபிஃப்த் அவென்யூ முழுக்க அபார்ட்மெண்ட் கட்டற ஜுரம். பணக்காரங்களே பெரிய வீட்டை விட்டுட்டு, ஒரே மாடில பன்னெண்டு ரூம், பதினஞ்சு ரூம்னு வசதியான ஃபிளாட்டுக்குப் போக ஆரம்பிச்சுட்டாங்க. அன்டனி கம்பான்யாங்கற பில்டர் சுமார் 30 லட்சம் டாலருக்கு வாங்கினாரு, கட்டின செலவுல பாதி கூட வரல. 1927ல இடிச்சு, 1928ல அங்க எழுந்ததுதான் இப்ப இருக்கற 960 ஃபிஃப்த் அவென்யூ. வாரன் அண்ட் வெட்மோர் கம்பெனியும் ரோசாரியோ கண்டேலாவும் சேந்து டிசைன் பண்ணது. நேர்மையா சொல்லணும்னா அதுவும் நல்ல கட்டடம்தான்.

இவர் வீடு மட்டும் இல்ல, 1926ல 57வது தெருகிட்ட இருந்த கொர்னேலியஸ் வான்டர்பில்ட் வீடும் போச்சு, அங்க இப்ப பெர்க்டார்ஃப் குட்மேன் கடை. ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள அந்த ரோட்டோட முகமே மாறிடுச்சு.

யாருமே தடுக்கலையா? கோர்ட், கேஸ் எதுவும்?

தடுக்க சட்டமே இல்ல. நியூயார்க்ல பழைய கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1965 ஏப்ரல்ல, அதுவும் 1963ல பென் ஸ்டேஷன்ங்கற பெரிய ரயில் நிலையத்தை இடிக்க ஆரம்பிச்சு ஊரே அதிர்ந்து போனதுக்கு அப்புறம். 1927ல சொந்தக்காரன் நினைச்சா இடிக்கலாம், அவ்வளவுதான். அதுல இது வெறும் 16 வருஷத்து வீடு, யாருக்கும் பழமைங்கற எண்ணமே வந்திருக்காது, அதோட கட்டினவரையும் பிடிக்காது. புதுசா இருக்கறதாலயே பாதுகாப்பு இல்லாம போன கட்டடங்கள் எல்லா ஊர்லயும் நிறைய உண்டு.

உள்ள இருந்த பொருளெல்லாம் எங்க போச்சு?

இதுதான் நான் ரொம்ப நாளா தேடித் தேடிப் படிச்ச விஷயம். சுருக்கமா, சுவத்தோட ஒட்டினது போச்சு, கழட்ட முடிஞ்சது பொழச்சுது. அந்த ஆர்கனை அங்கயே கட்டி எழுப்பினதால வெளிய எடுக்கறதே பெரிய செலவு, ஆள் கிடைக்காம இடிபாட்டோட போயிடுச்சு. மார்பிள் படி, கிரானைட் முகப்பு, கோபுரம் எல்லாமும் அப்படித்தான்.

ஓவியங்களை கிளார்க் உயில்ல நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குத்தான் எழுதி வச்சிருந்தாரு. அது அவர் வீட்டுல இருந்து நடந்து போற தூரம், அதே ரோட்டுல. ஆனா ஒரு கண்டிஷன், மொத்த சேகரிப்பையும் பிரிக்காம ஒரே இடத்துல தன் பேர்ல வைக்கணும். மெட்ரோபாலிடன் வேண்டாம்னுடுச்சு. அடுத்து வாஷிங்டன்ல கார்கரன் கேலரி, அவங்க சரின்னாங்க, குடும்பம் பணம் குடுத்து தனியா ஒரு பகுதியே கட்டி 1928ல திறந்தாங்க. 800க்கு மேல பொருளுங்க, டெகாவோட பாலே வகுப்பு ஓவியம், கோரோ ஓவியங்கள், ஜோன் ஆஃப் ஆர்க் கதையை தங்க இலை வச்சு பூத்தே த மோன்வெல் வரைஞ்ச ஆறு ஓவியம், அந்த ஸ்வாசான் கண்ணாடி, கம்பளங்க, எல்லாம் அங்க.

சலோன் டோரேவும் அங்கதான் போச்சு. அது பாரிஸ்ல ஒரு தடவை கழட்டி கப்பல் ஏறின அறை, நியூயார்க்ல இன்னொரு தடவை கழட்டி வாஷிங்டன் போச்சு. 14 வருஷம் ஊரே பாக்க கட்டின வீடு குப்பையாச்சு, அதுக்குள்ள 150 வருஷத்துக்கு முந்தின மரப்பலகை மட்டும் கீறல் விழாம வெளிய வந்துச்சு. பலகைக்குப் பலகை தனித்தனியா, சட்டத்துல பொருத்தற மாதிரி செஞ்ச அந்தப் பழைய தச்சனோட புத்திதான் அதைக் காப்பாத்துச்சு.

இப்ப கார்கரன்ல போய் பாக்கலாமா?

கார்கரன் 2014ல மியூசியமா இருக்கறதையே நிறுத்திடுச்சு. சேகரிப்புல ஒரு பெரிய பகுதி வாஷிங்டன் நேஷனல் கேலரிக்குப் போச்சு. அங்க நுழைவு இலவசம். சில ஓவியத்துக்குக் கீழ சின்ன எழுத்துல வில்லியம் ஏ. கிளார்க் சேகரிப்புன்னு போட்டிருக்கும், தேடிப் பாருங்க. டெகா ஓவியத்து முன்னாடி நான் நின்னப்ப, இது முன்னாடி 77வது தெரு வீட்டுல மாட்டியிருந்த படமாச்சேன்னு நினைச்சுக்கிட்டே ரொம்ப நேரம் நகர முடியல.

ஒரு கம்பளம் கோடிக்கணக்குல போச்சுன்னு படிச்சேன், அது இந்த வீட்டோடதா?

ஆமா, கிளார்க் சேகரிச்சதுதான். 17ஆம் நூற்றாண்டு பாரசீகக் கம்பளம், ஈரான்ல கிர்மான் பக்கம் நெசவு செஞ்சதுன்னு சொல்றாங்க, அரிவாள் மாதிரி வளைஞ்ச இலைங்க சிவப்புத் தரை மேல ஓடும். பெருசு ஒண்ணும் இல்ல, நம்ம ஹால்ல ஒரு சோஃபா முன்னாடி விரிக்கற அளவுதான், நீளம் ஒன்பது அடிக்குள்ள. கார்கரன் பணமுடையில இருந்தப்போ 2013 ஜூன் 5ஆம் தேதி சதபீஸ் ஏலத்துக்கு விட்டாங்க. 50ல இருந்து 70 லட்சம் டாலர் போகும்னு மதிப்பு போட்டிருந்தாங்க, போனது 3 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல. வீடும் மனையும் சேந்து வித்த விலைய விட பத்து மடங்கு. 86 வருஷம் இடைவெளி இருக்கு, அதனால நேரா ஒப்பிடக் கூடாதுன்னு தெரியும், இருந்தாலும் அந்த நம்பர் மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

சின்னப் பொண்ணு ஹியூகெட் என்ன ஆனாங்க?

வீடு வித்ததும் அம்மாவும் பொண்ணும் அதே ரோட்டுல 72வது தெரு முனைல, 907 ஃபிஃப்த் அவென்யூ ஃபிளாட்டுக்குப் போயிட்டாங்க. அஞ்சு பிளாக் தள்ளிதான். 1928ல கல்யாணம், 1930ல விவாகரத்து, அப்புறம் கல்யாணமே பண்ணிக்கல, வெளிய வர்றதும் குறைஞ்சுடுச்சு. கடைசி 20 வருஷம் உடம்பு நல்லா இருந்தும் ஆஸ்பத்திரி ரூம்லயே இருந்துட்டாங்க. 2011 மே 24ஆம் தேதி 104 வயசுல இறந்தாங்க, 30 கோடி டாலருக்கு மேல சொத்து, உயிலுக்கு பெரிய வழக்கு நடந்துச்சு. அந்த வழக்கு செய்திலதான் இந்த மாளிகையோட பழைய போட்டோ மறுபடி வெளிய வந்துச்சு, எனக்கும் அப்படித்தான் தெரிய வந்துச்சு.

அவங்களுக்கு பொம்மை வீடு செய்ய வைக்கறது உயிரு. ஜெர்மனில, ஜப்பான்ல கைவினைக் கலைஞர்களைப் பிடிச்சு, கடிதம் எழுதி, அளவு குடுத்து, வருஷக்கணக்கா காத்திருந்து செய்ய வைப்பாங்க. ஒரு தடவை சீலிங் உயரம் பத்தல, பொம்மைங்க தலை இடிக்குதுன்னு திருத்தச் சொல்லியிருக்காங்க. அஞ்சு வயசுல அந்த மாளிகைக்குள்ள நுழைஞ்ச கொழந்தை, 21 வயசுல அதை இடிக்கறதையும் பாத்தவங்க. அந்தப் பொம்மை வீட்டுக் கதையப் படிக்கும்போதெல்லாம் எனக்கு தொண்டை அடைக்கும்.

மாசசூசெட்ஸ்ல கிளார்க் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கே, அது இவரோடதா?

இல்ல. அது தையல் மெஷின் சிங்கர் கம்பெனி குடும்பத்து ஸ்டெர்லிங் கிளார்க்கோடது. சம்பந்தம் கிடையாது.

இப்ப நேர்ல போனா பாக்கறதுக்கு என்ன இருக்கு?

77வது தெரு முனைல அந்த வீட்டோடது எதுவும் இல்ல. ஆனா அங்கயே நின்னுட்டு திரும்பிடாதீங்க, வடக்கு பக்கம் ஒரு பிளாக் நடங்க. 78வது தெரு முனைல புகையிலை முதலாளி ஜேம்ஸ் டியூக்கோட வீடு, 1912ல முடிஞ்சது, கிளார்க் வீட்டுக்கு ஒரு வருஷம் இளையது. டியூக்கோட மனைவியும் மகளும் 1950கள்ல நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குக் குடுத்துட்டாங்க, இப்ப கலை வரலாறு சொல்லிக் குடுக்கற இடம். அதைத் தாண்டி பெய்ன் விட்னி வீடு, இப்ப பிரெஞ்சுத் தூதரகத்தோட கலாச்சாரப் பிரிவு. 70வது தெருல ஃப்ரிக், 91வது தெருல கார்னெகி வீடு, ரெண்டும் மியூசியம். இன்னும் வடக்க 105வது தெரு போனா சென்ட்ரல் பார்க் தோட்டத்து வாசல்ல ஒரு பெரிய இரும்பு கேட் இருக்கும், அது இடிச்ச வான்டர்பில்ட் வீட்டோட கேட்.

நேரம் இருந்தா 4ஆம் நம்பர் ரயில் புடிச்சு கடைசி ஸ்டாப் வுட்லான் வரைக்கும் போங்க, பிராங்ஸ்ல. அங்க வுட்லான் கல்லறைத் தோட்டத்துல கிளார்க் குடும்பக் கல்லறை இருக்கு, சின்னக் கோயில் மாதிரி, வெள்ளைக் கல்லு, வெண்கலக் கதவு. முதல் மனைவி இறந்தப்புறம் கிளார்க் கட்டச் சொன்னது. டிசைன் பண்ணது அதே லார்ட், ஹியூலெட், ஹல் கம்பெனிதான், மாளிகை வேலை அவங்களுக்குக் கிடைச்சதே அதுக்கு அப்புறம்தான். கேத்தரின், கிளார்க், ஆன்ட்ரே, அன்னா, கடைசியா 2011ல ஹியூகெட், எல்லாரும் அதுக்குள்ளதான் இருக்காங்க.